நாலு மணி நேரம்தானே!

பட்டிமன்றத் தலைப்பு: கடல் கடந்து வாழ்பவருக்கும் நமக்கும் இடையே உள்ள தூரத்தை விமானம் குறைத்திருக்கிறதா, குறைக்கவில்லையா? ‘குறைக்கவில்லை’ என்னும் அணியில் ஆற்றிய உரை.

இரண்டு பக்கமும் இழுத்தாலும் எந்தப் பக்கமும் சாயாமல் உட்கார்ந்திருக்கும் எங்கள் அன்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் இருந்தாலும் எங்களோடு ஒரே காரில் வந்து இறங்கிய எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கத்தில் இருப்பவர்களே, வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி அருமையாகப் பேசினாங்க. கையிலே ஒரு துண்டுச் சீட்டு வெச்சிருந்தாங்க. அதைப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னாங்க. “சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டு தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். விமானம் மணிக்கு எண்ணூற்றைம்பது, தொள்ளாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பறக்குது. நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். அப்புறம் எங்கே இருக்கு தூரம்?” அப்படின்னு கேட்டாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லாப் பேசினா தட்ட வேண்டியதுதானே! (சிரிப்பு)

ஐயா, அந்தக் கணக்கு சரியான கணக்கு. நான் மறுக்கவே இல்லை. மீனம்பாக்கத்தில் மேலே ஏறினா வங்கக் கடல். அதைத் தாண்டி நிக்கோபார் தீவுகளுக்குத் தெற்கே போய், சுமத்ராவின் வடகோடியை ஒட்டி, மலாக்கா நீரிணைப் பக்கமா இறங்கினா சாங்கி விமான நிலையம். காற்று எதிர்த்து அடிச்சா கொஞ்ச நிமிஷம் கூடும். இல்லைன்னா ஏறக்குறைய நாலு மணி நேரம். ஆனா, அந்த நாலு மணி நேரம் யாருடைய நாலு மணி நேரம்? விமானத்துடையதா, உள்ளே உட்கார்ந்திருக்கிற மனுஷனுடையதா? அங்கேதான் எனக்கும் எதிரணிக்கும் வழக்கு.

முதல்ல கடிகாரத்தைக் கேட்போம். ராத்திரி பதினொரு மணிக்குச் சென்னையில் விமானம் ஏறுறீங்க. நாலு மணி நேரம் பறக்குறீங்க. சிங்கப்பூரில் இறங்கிச் சுவரைப் பார்த்தா காலை அஞ்சரை மணி! கடிகாரக் கணக்குப்படி ஆறரை மணி நேரம் ஆயிருக்கு. சரி, திரும்பி வாங்க. ராத்திரி எட்டு மணிக்கு அங்கே ஏறினா, சென்னையில் இறங்கும்போது மணி ஒன்பதரை. ஒன்றரை மணி நேரம்தான்! நடுவர் அவர்களே, சாயங்கால நெரிசலில் பாரிமுனையிலிருந்து தாம்பரம் போய்ச் சேர இதைவிட அதிக நேரம் ஆகும். (சிரிப்பு, கைதட்டல்) அப்போ சிங்கப்பூர் தாம்பரத்தைவிடக் கிட்டே இருக்குன்னு சொல்லலாமா? எதிரணி சொன்னாலும் சொல்லுவாங்க!

விஷயம் என்னன்னா, ரெண்டு ஊருக்கும் கடிகாரத்தில் ரெண்டரை மணி நேர வித்தியாசம். எங்கள் கல்லூரியில் புவியியல் பேராசிரியர் ஒருத்தர் இருந்தார். அவர்தான் எனக்கு விளக்கினார். சென்னை 80 டிகிரி தீர்க்கரேகையில் இருக்கு. சிங்கப்பூர் 104-இல் இருக்கு. இடையில் 24 டிகிரி. ஒரு டிகிரியைக் கடக்கச் சூரியனுக்கு நாலு நிமிஷம். அப்போ 96 நிமிஷம். சூரியன் கணக்கில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஆனா கடிகாரம் ரெண்டரைங்குது. 1981 முடிய அது ரெண்டு மணி நேரமாகத்தான் இருந்தது. 1982 ஜனவரி 1-ஆம் தேதி மலேசியா தன் மேற்குப் பகுதிக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வெச்சது. கூடவே சிங்கப்பூரும் தள்ளிக்கிச்சு. ஊரு நகரலை, கடல் நகரலை, ஒரே ராத்திரியில் அரை மணி நேரம் விலகிப் போச்சு! நேரத்தை வெச்சு தூரத்தை அளக்கிறவங்க இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

சரி, கடிகாரத்தை விடுங்க. பயணத்துக்கு வருவோம். சென்னை விமான நிலையத்திலேயே பிறந்து அங்கேயே வளர்ந்தவன் யாராவது இருக்கானா? (சிரிப்பு) சிங்கப்பூருக்குப் போகிற நம்ம பிள்ளை எங்கேயிருந்து கிளம்புறான்? மன்னார்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கிளம்புறான். ஊரிலிருந்து ரயிலடிக்கு ஒரு மணி நேரம். ரயிலில் சென்னைக்கு எட்டு மணி நேரம். எழும்பூரிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம். மூணு மணி நேரம் முன்னாடியே வரச் சொல்றான், அது மூணு. பறக்கிறது நாலு. இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்னு, பெட்டி எடுக்க ஒண்ணு. அங்கிருந்து தொழிலாளர் விடுதிக்கு ஒண்ணு. கூட்டுங்க. பத்தொன்பது மணி நேரம்! சென்னையில் பகல் முழுக்கக் காத்துக் கிடந்த நேரத்தை நான் சேர்க்கவே இல்லை.

எதிரணியில் ஒருத்தர் தலையை ஆட்டுறார். “திருச்சியிலிருந்தே நேரா விமானம் இருக்கே ஐயா”ன்னு கேட்கப் போறார். இருக்கு. மகிழ்ச்சி. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து திருச்சிக்கு மூணு மணி நேரம், காத்திருப்பு மூணு, பறக்கிறது நாலு, அந்தக் கரையில் ரெண்டு. பன்னிரண்டு மணி நேரம். அப்பவும் நீங்க சொன்ன நாலுக்கு மூணு மடங்கு! (கைதட்டல்)

அந்த மூணு மணி நேரக் காத்திருப்பில் என்ன நடக்குதுன்னு பார்த்திருக்கீங்களா? பெட்டி எடை போடுற இடத்தில் ஒரு நாடகமே நடக்கும். முப்பது கிலோவுக்கு மேலே ஒரு கிலோ இருக்கு, எடுன்னு சொல்லுவாங்க. அவன் கீழே உட்கார்ந்து பெட்டியைத் திறப்பான். மேலே சட்டை, துணி. நடுவிலே அம்மா கட்டிக் கொடுத்த மாவடு, பருப்புப் பொடி, முறுக்கு. எதை எடுக்கிறது? சட்டையை எடுத்துத் தம்பிகிட்ட கொடுத்துட்டு, ஊறுகாயை உள்ளே வெச்சு மூடுவான் பாருங்க! சட்டை அங்கே கிடைக்கும். அம்மா கை ஊறுகாய் அங்கே கிடைக்காது. அந்த எடை மேடைக்குத் தெரியுமா, எது கனம், எது கனமில்லைன்னு? (கைதட்டல்) திரும்பி வரும்போது அதே பெட்டியில் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் வரும். ஊரில் பாதிப் பேர் வீட்டில் முழங்கால் வலிக்கு அந்தத் தைலம்தான். தடவுற கை மட்டும் அங்கே இருக்கு.

இப்போ எதிரணித் தலைவர் சொன்ன வாதத்துக்கு வர்றேன். அவர் கப்பல் காலத்தைப் பேசினார். நல்ல வேளை பேசினார். அவர் பேசலைன்னா நானே பேசியிருப்பேன்.

ரஜூலான்னு ஒரு கப்பல். 1926-இல் கட்டினது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஒரு தலைமுறையையே ஏத்திக்கிட்டுப் போன கப்பல். 1973 வரைக்கும் ஓடுச்சு. போய்ச் சேர ஏழெட்டு நாள் ஆகும். மேல்தளத்தில் பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டு, குமட்டலோடும் வாந்தியோடும் போவாங்க. அதுக்கப்புறம் சிதம்பரம் என்கிற கப்பல். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அந்தக் கப்பலில் தீப்பிடிச்சு நாற்பது பேர் அளவுக்கு இறந்துபோனாங்க. அதோட அந்த வழியில் பயணிகள் கப்பலும் முடிஞ்சுபோச்சு. எதிரணித் தலைவர் கேட்டார்: “அந்தத் துன்பம் மறுபடியும் வேணுமா?” வேண்டாம் ஐயா! நான் கப்பலைக் கொண்டா, விமானத்தை நிறுத்துன்னு கேட்க வரலை. விமானம் பயணத்தின் துன்பத்தைக் குறைச்சது. ஒப்புக்கிறேன். பயணத்தின் நேரத்தைக் குறைச்சது. ஒப்புக்கிறேன். பிரிவின் தூரத்தைக் குறைச்சதான்னுதான் கேட்கிறேன்.

நான் தமிழ் படிச்சவன். பிரிவுன்னு வந்துட்டா எங்களுக்குத் தொல்காப்பியர்கிட்டதான் போகணும். பிரிவுக்கு இலக்கணம் எழுதினவர் அவர். எழுதினதோட விடலை, கெடுவும் வெச்சிருக்கார். கல்விக்காகப் பிரிஞ்சு போறியா? மூணு வருஷத்தைத் தாண்டாதே. அரசாங்க வேலையாகப் போறியா? ஒரு வருஷத்துக்குள்ளே வந்துடு. பொருள் தேடப் போறியா? அதுக்கும் அதே கணக்கு, ஒரு வருஷம். கற்பியலில் இதைச் சொல்றார். அவர் காலத்தில் என்ன இருந்தது? விமானம் இல்லை, ரயில் இல்லை. காட்டையும் மலையையும் நடந்து கடக்கணும், கடல்னா காற்றுக்குக் காத்திருக்கணும். அப்படிப்பட்ட காலத்தில் பொருள் தேடப் போனவனுக்கு ஒரு வருஷம்தான் கெடு.

இன்றைக்கு? கட்டட வேலைக்குப் போகிறவனுக்கு வொர்க் பெர்மிட். பொதுவாக ரெண்டு வருஷம் வரைக்கும் தருவாங்க. அப்புறம் புதுப்பிப்பாங்க. ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம், அதுக்கு வாங்கின கடன், கடனுக்கு வட்டி. இதெல்லாம் அடையுற வரைக்கும் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்க முடியுமா? நடந்து போன காலத்தில் ஒரு வருஷம். பறந்து போற காலத்தில் ரெண்டு வருஷம்! நடுவர் அவர்களே, தூரம் குறைஞ்சுதா, கூடிச்சா? (பலத்த கைதட்டல்)

இன்னொண்ணும் சொல்றார். கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் அழைத்துப் போகும் வழக்கம் இல்லைங்கிறார். உரையாசிரியர்கள் இதற்குப் பொருள் சொல்லியிருக்காங்க. நம்ம காலத்துப் பெண்கள் இதைக் கேட்டா கோபப்படுவாங்க. “அந்தக் காலத்தில் எங்களை இப்படி வெச்சிருந்தீங்களா?”ன்னு கேட்பாங்க. நியாயமான கோபம். ஆனா தாயே, இந்தக் காலத்தைப் பாருங்க. வொர்க் பெர்மிட்டில் போகிறவர் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே குடித்தனம் வைக்க அந்த நாட்டுச் சட்டத்தில் இடம் இல்லை. பெரிய படிப்பு, பெரிய சம்பளம் இருந்தா முடியும். கம்பி கட்டுகிறவனுக்கு முடியாது. ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஒருத்தர் குடும்பத்தோடு போறார், அவருக்கு சிங்கப்பூர் நாலு மணி நேரம். இன்னொருத்தன் தனியாகப் போறான், அவனுக்கு சிங்கப்பூர் ரெண்டு வருஷம். விமானம் ரெண்டு பேரையும் ஒரே நேரத்தில்தான் இறக்கிவிடுது. தூரம் ஒண்ணா?

இப்போ என் வாதத்தின் மையத்துக்கு வர்றேன். நடுவர் மணியைப் பார்க்கிறார். ஐயா, கொஞ்சம் பொறுங்க. ஏழு நாள் கப்பலில் போனவனுக்கு நேரம் கொடுத்திருக்காங்க, எனக்கு ரெண்டு நிமிஷம் கொடுக்கக் கூடாதா? (சிரிப்பு)

விமானம் நமக்கு ஒரு சொல்லைக் கொடுத்திருக்கு. ரொம்பச் சின்னச் சொல். “நாலு மணி நேரம்தானே!” அந்தத் ‘தானே’ இருக்கு பாருங்க, அதுதான் கத்தி. தீபாவளிக்கு வரலையா? நாலு மணி நேரம்தானே. தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு வரலையா? நாலு மணி நேரம்தானே. அம்மாவுக்குக் கண் ஆப்பரேஷன், மூத்தவன் எட்டிப் பார்க்கலையே? நாலு மணி நேரம்தானே!

கப்பல் காலத்தில் மகன் வரலைன்னா அம்மா என்ன சொன்னா? “அவன் என்ன செய்வான் பாவம், கடல் நடுவில் கிடக்கே”ன்னா. கடலைத் திட்டினா. கப்பலைத் திட்டினா. அனுப்பின விதியைத் திட்டினா. மகனைத் திட்டலை. தூரம் பெரிசா, கண்ணுக்குத் தெரியிற மாதிரி இருந்தது. பழியை அந்தத் தூரம் சுமந்துச்சு. இன்றைக்கு ஊரில் எல்லாரும் தூரம் போயிடுச்சுன்னு நம்புறோம். அப்போ பழியை யார் சுமக்கிறது? அந்தப் பிள்ளைதான் சுமக்கிறான். ஏழு நாள் தூரத்தில் இருந்தவன் வரலைன்னா தூரத்தைத் திட்டினோம். நாலு மணி நேர தூரத்தில் இருக்கிறவன் வரலைன்னா பிள்ளையைத் திட்டுறோம். (கைதட்டல்)

சாவு வீட்டில் இதைப் பார்க்கணும். அப்பா காலையில் தவறிப் போயிட்டார். ஐஸ் பெட்டியில் வெச்சாச்சு. பறையடிக்கிறவங்க வந்தாச்சு. சொந்தக்காரங்க வந்து உட்கார்ந்து கேட்கிற முதல் கேள்வி, “பெரியவனுக்குச் சொல்லியாச்சா? எப்ப வர்றான்?” அவன் அங்கே என்ன நிலைமையில் இருக்கான்? மேற்பார்வையாளர்கிட்ட விடுமுறை கேட்கணும். கம்பெனி கையெழுத்துப் போடணும். அன்றைக்கு ராத்திரி விமானத்தில் இடம் இருக்கணும். இடம் இருந்தாலும் கடைசி நேரச் சீட்டு என்ன விலை? ரெண்டு மாசமா ஊருக்கு அனுப்பின பணத்தை அப்படியே கொடுக்கிற மாதிரி இருக்கும். எல்லாம் கூடி வந்து கிளம்பினாலும் நான் முன்னால் கூட்டின பன்னிரண்டு மணி நேரம் இருக்கே! சாயங்காலம் எடுத்துடணும்னு பெரியவங்க முடிவு பண்ணிடுவாங்க. தம்பி செல்போனைத் தூக்கிப் பிடிப்பான். அண்ணன் அங்கே பாதி கட்டின கட்டடத்தில், தலையில் கவசத்தோடு நின்னுக்கிட்டு, கைபேசியில் அப்பாவுக்குக் கொள்ளி வைக்கிறதைப் பார்ப்பான். அழுவான். பக்கத்தில் ஆறுதல் சொல்ல ஒரு பங்களாதேஷ்காரர் இருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. தோளில் கை வைப்பார். இங்கே நம்ம ஆள் ஒருத்தர், வெற்றிலையை மடிச்சுக்கிட்டே சொல்லுவார்: “என்ன பெரிய தூரம்? நாலு மணி நேரம்தானே! வந்திருக்கலாம்.”

(அரங்கில் அமைதி)

அவன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து தலையைக் குனிஞ்சு நிற்பான். தப்புச் செஞ்சவன் மாதிரி நிற்பான். அவன் என்ன தப்புச் செஞ்சான்? கப்பலில் வந்து காரியத்துக்குச் சேர்ந்திருந்தா, “ஏழு நாள் கடலைக் கடந்து அப்பனுக்காக ஓடி வந்தான்”னு ஊரே மெச்சியிருக்கும். விமானத்தில் வந்ததால் குற்றவாளி ஆயிட்டான்.

இதற்குச் சாட்சி வேணுமா? 2020-ஐ நினைச்சுப் பாருங்க. மார்ச் மாசம் கொரோனாவுக்காகப் பன்னாட்டுப் பயணிகள் விமானங்களை நிறுத்தினாங்க. மே மாசம் சிறப்பு விமானங்கள் விட்டு ஆட்களைக் கொண்டு வந்தாங்க. வழக்கமான சேவை முழுசா திரும்பினது 2022 மார்ச் கடைசியில். அந்த நாட்களில் சிங்கப்பூர் எவ்வளவு தூரத்தில் இருந்தது? ராஜேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடாரத்துக்குப் படை அனுப்பினானே, அப்போ இருந்த அதே தூரம்! தொழிலாளர் விடுதிகளில் நோய் பரவி, ஆட்களை அறையை விட்டு வெளியே விடாமல் வெச்சிருந்தாங்க. இங்கே ஒவ்வொரு வீட்டிலும் தாய்மார்கள், “எம் புள்ளை எப்படி இருக்கானோ”ன்னு அழுதாங்க. அந்த ரெண்டு வருஷத்தில் ஒருத்தராவது “நாலு மணி நேரம்தானே”ன்னு சொன்னாங்களா? சொல்லலை. ஏன்? தூரம் கண்ணுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சதும் இரக்கம் வந்துச்சு. அப்போ அந்தத் தூரம் புதுசா வந்ததா? இல்லை ஐயா, அது அங்கேயேதான் இருந்தது. விமானம் அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வெச்சிருந்தது. 2020-இல் துணி விலகிடுச்சு, அவ்வளவுதான்.

எதிரணிச் சகோதரி உருக்கமா ஒண்ணு சொன்னாங்க. மகள் பிரசவத்துக்குப் பாட்டி பறந்து போய்ப் பேரனைக் கையில் வாங்கினது விமானத்தாலேதான்னு சொன்னாங்க. உண்மை. அந்தப் பாட்டியை நான் வணங்குறேன். ஆனா அம்மா, அந்தப் பாட்டி எவ்வளவு நாள் அங்கே இருந்தாங்க? பார்வையாளர் அனுமதி முடியுற நாள் வரைக்கும். பேரன் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குற சமயத்தில் பாட்டி சென்னை விமானத்தில் உட்கார்ந்திருக்காங்க. போகும்போது அந்த நாலு மணி நேரம் நாலு நிமிஷமாகப் போயிருக்கும். திரும்பும்போது அதே நாலு மணி நேரம் எவ்வளவு நீளமா இருந்ததுன்னு அந்தப் பாட்டியைக் கேட்டுச் சொல்லுங்க. அதுக்கப்புறம் தூரம் குறைஞ்சுதான்னு நாம பேசுவோம்.

நிறைவாக ஒண்ணு சொல்லி முடிச்சுக்கிறேன். இந்த நிகழ்ச்சியை இப்போ சிங்கப்பூரில் விடுதி அறையில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருக்கிற தம்பிகள் இருப்பாங்க. இங்கே ஊரில் அவங்க வீட்டாரும் பார்த்துக்கிட்டிருப்பாங்க. வீட்டார்கிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அவன் போன் பண்ணி, “அம்மா, இந்த வருஷமும் வர முடியலை”ன்னு சொன்னா, அந்த நாலு மணி நேரத்தைச் சொல்லாதீங்க. அது விமான நிலையப் பலகையில் எழுதி வெக்கிற கணக்கு. அவன் கணக்கு வேற. அதில் கடன் இருக்கு, பெர்மிட் இருக்கு, தங்கச்சி கல்யாணம் இருக்கு, ரெண்டு வருஷம் இருக்கு. “நீ ரொம்ப தூரத்தில் இருக்கேப்பா, எனக்குத் தெரியும்”னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் காத்துக்கிட்டிருக்கான்.

நடுவர் அவர்களே! நாலு மணி நேரம் என்பது சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள தூரம். மகனுக்கும் தாய்க்கும் உள்ள தூரம் அது இல்லை. அந்தத் தூரத்தை விமானம் குறைக்கவில்லை, குறைக்கவில்லை என்று தீர்ப்பு வழங்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)